சுண்டிக்குளம் எப்போது தேசியப் பூங்கா ஆனது? வடக்கின் இயற்கை பற்றி ஒரு மடல் தொடங்குவதன் பின்னணி

யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது தேசியப் பூங்கா என்று பேச்செடுத்துப் பாருங்கள். யால என்பார்கள், வில்பத்து என்பார்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் உடவளவைக்குப் போய் யானை பார்த்த கதை வரும். ஆனையிறவுக்குக் கிழக்கே களப்பாகக் கிடக்கும் சுண்டிக்குளம் அந்தப் பேச்சில் வராது. நெடுந்தீவில் குதிரை நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அந்தத் தீவில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் சனத்துக்கு இயற்கையில் அக்கறை இல்லை என்று சிலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லப்படாமல் போவதால் என்னென்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன், ஏனென்றால் வடக்கின் இயற்கையும் காலநிலை நீதியும் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து தொடங்கும் செய்திமடலுக்கு அதுவே காரணம்.

2015 ஜூன் 22ஆம் திகதி, ஒரே நாளில், வட மாகாணத்தில் நான்கு தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளம் 19,565 ஹெக்டேயர், ஆதாம் பாலம் 18,990, மடு வீதி 16,367, நெடுந்தீவு 1,846. நான்கையும் கூட்டினால் 56,000 ஹெக்டேயரைத் தாண்டும். போர் முடிந்து ஆறு வருடம். மீள்குடியேற்றம், வீதி, விடுதி, இராணுவ முகாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் நிலம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. எந்த இடத்தை அபிவிருத்திக்கு விடலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பார்க்க வட மாகாணத்துக்கென ஓர் ஒருங்கிணைந்த சுற்றாடல் மதிப்பீடு 2014இல் வெளியானது. அதற்கு அடுத்த வருடமே பூங்காக்கள் வந்தன. காடும் களப்பும் துண்டு துண்டாகப் போவதற்கு முன் ஒரு கோடு போட வேண்டும் என்ற எண்ணம் சரியானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோடு போடப்பட்டபோது இருபது, முப்பது வருடமாக இடம்பெயர்ந்து திரிந்த பலருக்குத் திரும்பி வந்து இதுதான் எங்கள் காணி, இதுதான் எங்கள் வாடி, அதாவது மீன்பிடிக் குடிசை, இருந்த இடம் என்று காட்ட வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. பூங்காக்களும் சரணாலயங்களும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன, நடத்துவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஒதுக்கப்பட்ட காடுகள் வேறு சட்டம், வேறு திணைக்களம். சனம் அதைப் பொரஸ்ட் என்கிறது, இதை வைல்ட் லைஃப் என்கிறது, இரண்டு பேரும் ஒரே ஆட்கள் என்று நினைத்து ஒரு கந்தோருக்குப் போக வேண்டிய கடிதத்தை மற்றதற்குக் கொடுத்து மாதக்கணக்கில் அலைகிறது. சரணாலயம் என்றால் அதற்குள் தனியார் காணி இருக்கலாம், ஆட்கள் குடியிருக்கலாம், சில கட்டுப்பாடுகளுடன் தொழிலும் நடக்கும். தேசியப் பூங்கா அப்படியல்ல. அது முழுவதும் அரச நிலம், அனுமதிப் பத்திரத்துடன் போய் மிருகம், பறவை பார்க்கலாம், ஆராயலாம். வெட்ட, விதைக்க, கட்ட, குடியிருக்க முடியாது. சுண்டிக்குளம் 1938இலிருந்து சரணாலயம். 2015இல் தேசியப் பூங்கா. அதாவது சரணாலயத்துக்குள் பருவத்துக்குப் பருவம் வாடி போட்டு மீன் பிடித்தவர், தான் இருந்த இடத்தை விட்டு ஓர் அடியும் நகராமல், ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடலாம். இந்த மாற்றம் அவருக்குத் தெரிய வருவது பெரும்பாலும் எல்லைக் கல் நடும்போதுதான், இல்லாவிட்டால் வழக்கு வரும்போது.

பூங்கா எல்லையை அறிவிக்கும் ஓர் அரச வர்த்தமானியை எடுத்துப் பார்த்தால் ஏன் இப்படி என்று புரியும். அட்டவணை என்று ஒரு தலைப்பு. மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு. பிறகு வடக்கு எல்லை, கிழக்கு எல்லை என்று தொடங்கி, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு என்று ஆள்கூறு இலக்கங்கள் வரிசையாக இறங்கிப் போகும். ஊர்ச்சனம் இடத்துக்கு வைத்திருக்கும் பெயர்கள், அதாவது மடு, மோட்டை என்ற சிறு குளம், தரவை என்ற மேய்ச்சல் வெளி, கேணி, பிள்ளையார் கோயிலடி, இவையெல்லாம் அதில் மிக அரிதாகவே இருக்கும். அந்த இலக்கங்களை ஒருவர் இருந்து வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தால்தான் எந்த மோட்டை உள்ளே போயிருக்கிறது, எந்தக் கேணி வெளியே நிற்கிறது என்று தெரியும். மாடு வைத்திருப்பவருக்கும் வலை வைத்திருப்பவருக்கும் தேவைப்படும் ஒரே தகவல் அதுதான், அதைக் கொடுக்க ஆளில்லை.

சுண்டிக்குளத்தையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வடக்கின் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு நீர்ப்பரப்பில் சேர்ந்து கிடக்கிறது. ஆனையிறவுக்குக் கிழக்கே, வடமராட்சி கிழக்கின் மணல் திட்டுக்கும் கிளிநொச்சிப் பெருநிலத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் களப்பு அது. மாரியில் கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டுகின்றன, வெள்ளம் கூடினால் மணல் வாய் உடைத்துக் கடலோடு சேரும். கோடையில் வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாகிவிடும். இந்த உவரும் நன்னீரும் மாறி மாறி வருவதுதான் அந்த இடத்தின் உயிர். பூநாரை உவர் கூடிய ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைக் கிளறி நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிறது, ஊசிவால் வாத்துக்கு உப்புக் குறைந்த, புல் முளைக்கும் ஓரம் வேண்டும், உள்ளான்களுக்கு ஈரச் சேறு, கூழைக்கடாவுக்கு மீன். ஒக்டோபரில் வந்து பங்குனி மட்டில் திரும்பும் பறவைகள் இத்தனை வகையும் ஒரே களப்பில் நிற்பது தண்ணீர் அந்தந்த மாதத்தில் அந்தந்த அளவில் இருப்பதால்தான்.

இப்போது மேலே போங்கள். கனகராயன் ஆற்றை மறித்துத்தான் இரணைமடுக் குளம் கட்டப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி வயல்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் வேண்டும், அதற்கு முதலில் கை காட்டப்பட்டதும் இரணைமடுதான். விவசாயிகள் எதிர்த்தார்கள், கோடையில் தங்களுக்கே போதாத குளத்திலிருந்து எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். அங்குள்ள கடற்றொழிலாளர்கள் கழிவு உவர்நீர் கடலுக்குள் விடப்படுவது பற்றிப் பயந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தின் தாகம், கிளிநொச்சியின் நெல், தாளையடியின் வலை, சுண்டிக்குளத்தின் பறவை எல்லாம் ஒரே தண்ணீர்க் கணக்குக்குள் வருகின்றன. ஆனால் குளத்தைப் பற்றி நீர்ப்பாசனத்தார் கூடிப் பேசுவார்கள், குடிநீரைப் பற்றி இன்னொரு சபை, பறவையைப் பற்றி வைல்ட் லைஃப், மீனவரைப் பற்றிக் கடற்றொழில் திணைக்களம். நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்து வாசிக்கக் கிடைப்பது அரிது. போர் முடிந்தபின் அதே சுண்டிக்குளத்தில் இராணுவம் ஒரு விடுமுறை விடுதி நடத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீனவரின் ஓலை வாடி இயற்கைக்குப் பாதகம் என்றால் விடுதி எப்படிப் பொருந்தும் என்று அங்குள்ளவர்கள் கேட்டால் அது இயற்கைக்கு எதிரான கேள்வி இல்லை.

நெடுந்தீவில் அளவு சிறியது, நெருக்கம் அதிகம். தீவின் பரப்பே ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூங்கா. குதிரைகளும் தீவு மக்களின் ஆடு மாடுகளும் ஒரே புல்லையும் ஒரே குட்டைகளையும் பங்கு போடுகின்றன. கோடை நீண்டுபோன வருடங்களில் தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்த செய்திகள் வந்திருக்கின்றன, அப்போது இரண்டு நாள் எல்லாரும் கவலைப்பட்டோம். மழை வந்ததும் மறந்தோம்.

தெற்கே மன்னாருக்குப் போனால் கதை இன்னும் கனக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மன்னாரின் தெற்கிலுள்ள முசலியிலிருந்து போனவர்கள் இருபது வருடம் புத்தளத்து முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பியபோது வீடு நின்ற இடம் காடாகியிருந்தது. 2012இல் வில்பத்துப் பூங்காவை ஒட்டிய மறிச்சுக்கட்டிப் பக்கம் ஒதுக்கக் காடு என்று அறிவித்தல், 2017இல் மாவில்லு என்ற பெயரில் 40,030 ஹெக்டேயருக்கு இன்னொன்று. கொழும்பில் இது வில்பத்துவை அழிக்கிறார்கள் என்ற கூச்சலாகப் போனது. காடு வெட்டப்பட்டது உண்மை. கல்லாறு ஒதுக்கக் காட்டில் நடந்தது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மரம் நடும்படி உத்தரவிட்டது. ஆனால் அந்தக் கூச்சலில், துரத்தப்பட்டவர்கள் திரும்பி வரும் உரிமை என்ற விடயம் மூச்சுத் திணறிப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. அந்த மக்களின் காணி காடானது எங்கள் ஊர்களில் நடந்த அநியாயத்தால், அதை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாங்கள் மரத்துக்கு அழ முடியாது.

பூங்கா என்ற எண்ணத்துக்கே ஆட்களை வெளியே தள்ளும் பழக்கம் உண்டு. 1872இல் அமெரிக்காவில் யெலோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் திரிந்த பழங்குடிகள் வெளியே தள்ளப்பட்டார்கள். எங்கள் நாட்டில் 1983இல் மாதுறு ஓயா பூங்கா வந்தபோது வேடர் குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன, தலைவர் திசாஹாமி போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்துவிட்டார். ஆளில்லாத நிலம்தான் இயற்கை என்று ஒரு நினைப்பு. எங்கள் களப்புகளுக்கும் தரவைகளுக்கும் அது பொருந்தவே பொருந்தாது. களப்பில் சிறகுவலை போட்டு மீன் பிடிப்பவரும் மாடு மேய்ப்பவரும் அந்த நிலத்தின் பாதி.

சரி, இதில் காலநிலை நீதி எங்கே வருகிறது?

பொதுவாகச் சொல்லப்படுவது நாடுகளுக்கு இடையிலான கணக்கு. ஓர் அமெரிக்கர் வருடத்துக்கு ஏறக்குறைய 14 தொன் கரியமில வாயு வெளிவரக் காரணமாகிறார் என்றால் இலங்கையில் ஒருவருக்கு ஒரு தொன் அளவில்தான் வரும். புகை விட்டது அவர்கள், வெள்ளத்தில் நிற்பது நாங்கள். 1992இல் ரியோவில் எழுதப்பட்ட ஒப்பந்தத்திலேயே எல்லாருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் வேண்டும் என்று உடன்பட முப்பது வருடம் எடுத்தது, 2022இல் எகிப்தில் கூடிய காலநிலை மாநாட்டில்தான் அது நடந்தது. 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று ஆலோசனைக் கருத்துக் கொடுத்தது. அந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோகப் பாடுபட்டது வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு. இதெல்லாம் பெரிய விடயங்கள், ஒவ்வொரு வருட மாநாட்டுக்கும் நாங்கள் எழுதுவோம்.

ஆனால் நீதி என்ற சொல்லை கொழும்புக்கும் வோஷிங்டனுக்கும் நடுவே மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது, 600க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், மலைநாட்டில் மண்சரிவு ஊர் ஊராக மூடியது. அங்கே லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் எந்தச் சரிவில் குடியிருப்பது என்று தாங்கள் முடிவெடுத்தவர்கள் இல்லை. காணி உறுதி இல்லாததால் வேறு இடத்துக்கு எழும்பிப் போகவும் முடியாது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்றும் சரியான பத்திரம் இல்லாமல், தங்கள் தோட்டம் பொரஸ்ட் எல்லைக்குள்ளா வெளியேயா என்று தெரியாமல் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மண்சரிவு, மறுபக்கம் எல்லைக் கல். ஒரே சமூகத்துக்கு இரண்டு தடவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்தால் காலநிலை கிணற்றுக்குள் இருக்கிறது. எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில் ஓடி அராலியில் கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழும் மழை செம்மண்ணால் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் போய்த் தங்குகிறது. அடியில் கடலிலிருந்து வந்த உவர்நீர், அது பாரமானது. அதற்கு மேல் நன்னீர், பாலுக்கு மேல் ஆடை படிந்த மாதிரி. கணக்கு இப்படி: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் விதி. சுண்ணாம்புக் கல்லில் குகையும் வெடிப்பும் இருப்பதால் இங்கே நிலைமை அதைவிட மோசமாகவே இருக்கும். இதைத் திருப்பி வாசிக்க வேண்டும். மோட்டர் போட்டு இறைத்து மேல் மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால், அடியிலிருந்து உவர் 20 மீற்றர் ஏறி வர இடம் கொடுக்கிறீர்கள். துலாவில் இறைத்த காலத்தில் ஆளின் கை களைத்ததும் கிணறும் ஓய்ந்தது, மோட்டருக்குக் களைப்பில்லை. இதற்கு மேல் கடல் மட்டம் உயர்கிறது, மழை முன்புபோல் மூன்று மாதம் பரவலாகப் பெய்யாமல் இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போனால் அது நிலத்துக்குள் இறங்காமல் வீதியில் ஓடிக் கடலில் சேர்கிறது. தூர்த்து வீடு கட்டிய குளங்களும் மூடிய வாய்க்கால்களும் மழையை மறித்து நிலத்துக்குள் இறக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. கரையோரத்துக் கிணறு முதலில் உவராகும். தீவகத்தில் ஏற்கெனவே அப்படித்தான், தண்ணீர் பவுசரில் வருகிறது, வாங்க வசதியுள்ளவர் வாங்குகிறார்.

சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை எல்லாரும் மறந்திருக்க மாட்டோம். மின் உற்பத்தி நிலையம் ஒன்றின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க உத்தரவானது. அந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றுதான்: சனத்துக்கு விடயம் தெரிய வந்தது வாளியில் வந்த மணத்தால். அறிக்கைகள், அனுமதிகள், பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்திருக்க வேண்டிய மணம் முதலில் வந்தது.

மன்னார்க் காற்றாலை விடயத்தில் எங்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வழிகளில் வர வேண்டும் என்பது அரசின் இலக்கு. நிலக்கரியை விடக் காற்று நல்லது, அதில் பேச்சில்லை. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற் நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கியது. அந்தத் தீவுதான் மத்திய ஆசியாவிலிருந்து இறங்கும் வலசைப் பறவைகளின் பாதையில் தென்முனையில் இருக்கிறது. பக்கத்தில் வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேயர், 2010இல் ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதி பெற்றது. அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாற் கட்ட வந்தபோது சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. ஆனால் வேறு காற்றாலைத் திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டில் தீவு மக்கள் வீதிக்கு வந்து இரவு பகலாக நின்றார்கள், ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார், செப்டெம்பர் இறுதியில் உதிரிப் பாகங்களை ஏற்றிய வண்டிகளை மறித்தவர்கள் மீது பொலிஸ் கை வைத்தது. வெள்ளம் வடிவதில்லை, மீன் கரைக்கு வருவதில்லை, நிலம் எங்களிடம் கேட்காமல் போகிறது என்பது மக்கள் சொன்ன முறைப்பாடு. இதில் ஒவ்வொன்றையும் ஆய்ந்து பார்க்கலாம், சில சரியாக இருக்கும், சில இல்லாமலும் இருக்கும். ஆனால் கேட்காமல் செய்தது என்ற முறைப்பாட்டுக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. என் நிலைப்பாடு: காற்றாலை வேண்டும், அந்தத் தீவில் அந்த வரிசையில் வேண்டுமா என்பதை அந்தத் தீவும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மாற்று மின்சாரத்தின் சுமையை மன்னார் மீனவர் சுமந்து, அதன் வெளிச்சம் மட்டும் கொழும்புக்குப் போனால் அதற்குப் பெயர் காலநிலை நீதி இல்லை.

மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவும் இதோடு சேர்கிறது. 2016இல் 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது, கண்டலும் கடற்புல்லும் நிறைந்த இடம். 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரினப் பண்ணைக்காக விடுவித்து வர்த்தமானி வந்தது, சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அத்துமீறல் என்று மீனவரைத் தடுக்கும் அதே கோடு, முதலீடு வந்தால் வளைந்து கொடுக்கிறது.

கடைசியாக எங்கள் வாசலில் மண்டைதீவு. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் பண்ணைப் பாலம் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும், அது தாழ்ந்த ஈரநிலம், கண்டல் ஓரம், மாரியில் பறவை இறங்கும் இடம், புயல் நேரம் கடல் ஏறினால் தண்ணீரை உள்வாங்கும் இடமும் அதுதான். நாட்டிலுள்ள எல்லாக் கண்டல்களையும் பாதுகாப்போம் என்று இலங்கை 2015இல் உலகத்துக்குச் சொன்னது. அடிக்கல்லுக்கு முன் வர வேண்டிய கேள்விகள் அடிக்கல்லுக்குப் பிறகு வருவதுதான் எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது.

பிறகு வருவதற்கு ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. பெரிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று தேசிய சுற்றாடல் சட்டம் சொல்கிறது. அவகாசம் 30 வேலை நாட்கள். அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும், அறிக்கை பிரதேச செயலகத்தில் இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கம், உள்ளடக்கம் பெரும்பாலும் ஆங்கிலத் தொழில்நுட்ப மொழி. கடலுக்குப் போய் வந்து வலை தைப்பவர் அதை எப்போது வாசிப்பது? விடயம் வாய்வழியாக ஊருக்குள் வரும்போது 30 நாள் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுவது போராட்டம், நீதிமன்றம் இரண்டுதான். இரண்டுக்கும் காசும் காலமும் வேண்டும், சில நேரம் உடம்பிலும் அடி விழும். சிறு திட்டங்களுக்கு ஆரம்ப பரிசோதனை மட்டும் போதும் என்று வைத்தால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டிய கடமையே இல்லாமல் போய்விடும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்தவர்தான் கேட்க முடியும்.

மடலில் நாங்கள் செய்யப் போவது இந்த 30 நாளுக்குள் விடயத்தைக் கொண்டுபோவது. மாதம் ஒரு தடவை, தமிழில், இலவசமாக, கைபேசியில் வாசிக்கிற நீளத்தில். அவசரமான அறிவித்தல் வந்தால் மாதம் பார்க்காமல் தனி மடல். வடக்கு சம்பந்தப்பட்ட வர்த்தமானிகளின் ஆள்கூறுகளை வரைபடத்தில் போட்டு, ஊர்ச்சனம் சொல்லும் இடப் பெயர்களோடு கொடுப்போம். மதிப்பீட்டு அறிக்கைகளை வாசித்து, எந்தப் பக்கத்தில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, எதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று எழுதுவோம். பறவை, கண்டல், கடற்புல், கிணறு பற்றி அவற்றைப் பார்த்துத் தெரிந்தவர்களைக் கொண்டு எழுதுவிப்போம், அதில் பல்கலைக்கழகத்தாரும் இருப்பார்கள், சிறகுவலைக்காரரும் இருப்பார்கள். திணைக்களத்தில் உள்ளவர்களை எதிரி என்று நாங்கள் நினைக்கவில்லை, கள உத்தியோகத்தர்கள் குறைந்த ஆளோடும் பழைய வண்டியோடும்தான் வேலை செய்கிறார்கள், மணல் ஏற்றுபவர்களை மறிக்கப் போய் அடி வாங்குவதும் அவர்கள்தான். அவர்களுடைய பக்கமும் வரும்.

முதல் மடல் சுண்டிக்குளம். 1938இன் சரணாலய எல்லையையும் 2015இன் பூங்கா எல்லையையும் ஒரே வரைபடத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே எந்தெந்த ஊர், எந்த வாடி, எந்தத் தரவை வருகிறது என்று பார்க்கிறோம். வடமராட்சி கிழக்கிலோ கண்டாவளைப் பக்கமோ இருப்பவர்கள் உங்கள் பக்கத்து இடப் பெயர்களைச் சொல்லி உதவினால் வரைபடம் நன்றாக வரும், முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள், அவர்களுக்குத்தான் பழைய பெயர் தெரியும். இரண்டாவது மடலுக்குக் கிணறு: உங்கள் வீட்டுக் கிணற்றில் ஆவணியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மார்கழியில் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு கயிற்றில் அளந்து குறித்து வைத்தால் போதும். கிராம அலுவலர் கந்தோர்ப் பலகையில் காணி, காடு, கரையோரம் பற்றிப் புதிதாக ஏதாவது ஒட்டியிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அறிவித்தலின் திகதி தெளிவாகத் தெரியும்படி எடுங்கள், 30 நாள் அதிலிருந்துதான் எண்ணப்படுகிறது.